ஆற்று மணலுக்குப் போகாத வேட்டு

என் மகனுக்கு முதன்முதலாக இழுப்பு வந்தது எங்கள் தெரு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவின்போதுதான். அவன் அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தான். தெருமுனையில் வேட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இரும்புக் குழாய்களை வரிசையாக மண்ணில் நட்டு, கருமருந்தை அடைத்து, மேலே செங்கல் தூளைப் போட்டு இடித்துக் கெட்டிப்பார்கள். பிறகு ஒரு ஆள் நீண்ட கம்பின் நுனியில் கனலும் துணியைக் கட்டிக்கொண்டு வந்து ஒவ்வொன்றாகப் பற்றவைப்பார். ஒரு வேட்டு வெடித்தால் எங்கள் அடுக்களைப் பரணில் இருக்கும் பித்தளைச் செம்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். அன்று மூன்றாவது வேட்டோ நான்காவதோ வெடித்தபோது, என் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளை வாயை எடுத்தான். அழப்போகிறான் என்று நினைத்தேன். அழவில்லை. கண் மேலே செருகியது. கையும் காலும் விறைத்துக்கொண்டு வெட்டி இழுத்தன.

அன்று அவனுக்கு உடம்பு சுட்டதா என்று பிற்பாடு எத்தனையோ பேர் கேட்டார்கள். நானும் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். காலையில் எண்ணெய் தேய்க்கும்போது நெற்றி கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தது போலவும் இருக்கிறது, இல்லாதது போலவும் இருக்கிறது. பல் முளைக்கிற சமயம் வேறு. பாளையங்கோட்டை மிஷன் டாக்டரம்மாவிடம் கொண்டுபோனோம். நான் பெரியவளாகும் வரை அந்த மிஷன் பள்ளிக்கூடத்தில்தான் படித்தேன். அதனால் அவரிடம் எனக்குப் பயமில்லாமல் பேச வரும். "காய்ச்சலாலும் வரலாம், அதிர்ச்சியாலும் வரலாம். இரண்டும் வராமல் பார்த்துக்கொள்" என்றார் அவர். காய்ச்சலை நிறுத்த என்னால் ஆகாது. சத்தத்தையாவது நிறுத்த முடியாதா என்று அன்றைக்கே மனசில் விழுந்துவிட்டது.

கார்த்திகையில் மறுபடி ஒருதரம் வந்தது. அப்போது வேட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. நல்ல காய்ச்சல். பிள்ளை நீலம் பாரித்துக் கிடந்தான். நான் அவன் பல்லுக்கிடையில் துணியைக் கொடுத்துக்கொண்டு கத்தியபோது, என் கணவர் வாசலைத் தாண்டி ஓடினார். வைத்தியரைக் கூப்பிட ஓடுகிறார் என்று நினைத்தேன். சற்று நேரத்தில் கையில் அம்மன் கோயில் குங்குமத்தோடு திரும்பி வந்தார். அதற்குள் பிள்ளை தெளிந்து தூங்கிவிட்டான். அவர் வக்கீல். ஆங்கிலம் படித்தவர். சட்டைப் பொத்தானெல்லாம் அவிழ்ந்து, வேர்த்துப்போய் நின்ற அவரைப் பார்த்தபோது எனக்கு அவர்மேல் அதுவரை இல்லாத பிரியம் வந்தது. அங்கே என்ன வேண்டிக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை. வேண்டுதலைக் கேட்டால் பலிக்காது என்பார்கள்.

அதற்கு முந்தி, அந்த வருஷத் தீபாவளியின்போதே ஊரில் ஒரு பெரிய தீ விபத்து நடந்திருந்தது. யாரோ விட்ட ஆகாசவாணம் ஓலைக் கூரையில் விழுந்து, எங்களுக்கு அடுத்த தெருவில் ஒரு வரிசை வீடு முழுக்கக் கருகிவிட்டது. மனிதர்கள் தப்பினார்கள். கட்டிப்போட்டிருந்த ஒரு பசுவும் கன்றும் போய்விட்டன. அதிலிருந்து ஊர் இரண்டாகப் பிரிந்து பேச ஆரம்பித்தது. வாணமும் வேட்டும் ஊருக்குள் கூடாது, எல்லாவற்றையும் தாமிரபரணி மணலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள் ஒரு சாரார். வேட்டுச் சத்தம் கேட்காத அம்மனுக்குக் கொடை எதற்கு என்றார்கள் இன்னொரு சாரார். மருந்துக்கடைக்கார அண்ணாச்சி, "ஆத்துல கொண்டுபோய் வேட்டுப் போட்டா மீனுக்கா கொடை கழிக்கிய?" என்று கேட்டாராம். அது ஊரெல்லாம் சுற்றியது.

எங்கள் வீட்டிலும் அதே பேச்சுத்தான். என் மாமியார் ஊருக்குள் வேட்டு வேண்டும் என்கிற கட்சி. அவருடைய மூத்த மகள், என் மதினி, அதே தெருவில் நாலு வீடு தள்ளிக் கட்டிக்கொடுக்கப்பட்டவர். நாக்கில் எப்போதும் ஒரு ஊசி வைத்திருப்பார்.

"வேட்டு இல்லாத கொடை உப்பில்லாத கஞ்சிளா" என்பார் மாமியார்.

"வேட்டுப் போடலன்னா அம்மன் தூங்கிருவாளாக்கும்? நம்ம தெருவுல நீ போடுத சத்தத்துக்கே அவளுக்குத் தூக்கம் போயிருக்குமே" என்பார் மதினி.

என் கணவர் அந்தச் சமயம் முனிசிபாலிட்டியில் கவுன்சிலராக இருந்தார். இந்த விஷயம் கவுன்சிலில் வரப்போகிறது என்றும், தாம் வேட்டைத் தடுக்கும் பக்கம் பேசப்போவதாகவும் என்னிடம்தான் முதலில் சொன்னார். மச்சில் அவருடைய மேசை இருந்தது. பிள்ளை தூங்கும் பகல்நேரத்தில் என்னை அங்கே கூப்பிடுவார். பேசப்போவதைச் சொல்லிக் காட்டுவார். தமிழில் பேசவேண்டிய இடங்களில் அவருக்குத் தட்டும். கோர்ட்டுத் தமிழாக வந்துவிடும். "இதை நீ எப்படிச் சொல்லுவ?" என்று கேட்பார். யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தை விட்டு வந்தபிறகு என் படிப்பு பால்கணக்குப் பார்க்கவும் மாமனாருக்கு அவர் தம்பி எழுதும் கடுதாசியை வாசித்துக் காட்டவும்தான் ஆகியிருந்தது.

ஓலைக் கூரையைப் பற்றி அவரே நன்றாகச் சொன்னார். பிள்ளைகளைப் பற்றிய இடத்தில் நின்றார். நான் யோசித்து, தொட்டிலில் கிடக்கிற பிள்ளைக்கு இது வேட்டு, இது இடி என்று தெரியாது, தாய் முகத்தைப் பார்த்துத்தான் பயப்படலாமா வேண்டாமா என்று அது தெரிந்துகொள்கிறது, அந்தத் தாயே நடுங்கிக்கொண்டிருந்தால் பிள்ளை எந்த முகத்தைப் பார்க்கும் என்று சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"இதை அப்படியே சொல்லப்போறேன்" என்றார்.

"நம்ம பிள்ளைக்கு வந்ததையும் சொல்லுவீகளா?"

"சொல்லணும். சொன்னாத்தான் கேப்பாக. உனக்குச் சம்மதமா?"

எனக்குச் சம்மதமில்லை. பிள்ளைக்கு இழுப்பு உண்டு என்று ஊர் சபையில் தெரிந்தால் நாளைக்கு அவனுக்கு அது ஒரு பெயராகிவிடாதா என்று பயந்தேன். ஆனால் இத்தனை பிள்ளைகளுக்காகச் சொல்லும்போது நம் பிள்ளையை மட்டும் மறைப்பது சுயநலம் என்றும் பட்டது. சரி என்றேன். இந்த வருஷக் கொடைக்கு நம் தெருவில் ஒரு வேட்டுக்கூடக் கேட்காதுதானே என்று அவரிடம் கேட்டேன். "கேக்காது" என்றார். அந்த ஒரு வார்த்தையை நான் எத்தனை நாள் வைத்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

கவுன்சில் கூடிய அன்று அவர் வீட்டுக்கு வந்தபோது முகமெல்லாம் மலர்ந்திருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல், "தீர்மானம் ஆயிட்டு" என்றார். ஊருக்குள் வாணமும் வேட்டும் கூடாது. எல்லாம் ஆற்று மணலுக்கு. தாயின் முகத்தைப் பற்றிச் சொன்னபோது சபை அப்படியே அமைதியாகிவிட்டதாம். எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்தாராம். சேர்மன் கைகொடுத்தாராம். "எல்லாம் உன்னாலதான்" என்றார். நான் அடுக்களைக்குள் போய்ச் சும்மா ஒரு பாத்திரத்தை எடுத்துத் துடைத்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு சந்தோஷம்.

தாமிரபரணிக் குறுக்குத்துறையில் குளிக்கப் போகும்போதெல்லாம் தெருப் பெண்களிடம் நான்தான் அதைச் சொன்னேன். கைப்பிள்ளை வைத்திருந்தவர்களிடம் தேடிப்போய்ச் சொன்னேன். இந்த வருஷம் வேட்டு ஊருக்குள் இல்லை, இதோ இந்த மணலில்தான், பயப்படாதீர்கள் என்றேன். அத்தனை கர்வம் எனக்கு ஆகாது என்று அப்போதே ஒரு எண்ணம் வந்தது. அதைத் தண்ணீரோடு விட்டுவிட்டேன்.

கொடைநாள் மத்தியானம் வீட்டில் ஒரே கலகலப்பு. பிள்ளைக்கு மாமியாரே தலைக்கு ஊற்றிவிட்டு, புதுப் பட்டுத்துண்டு கட்டி, நெற்றியிலும் மார்பிலும் சந்தனம் பூசினார். அம்மன் சப்பரம் வாசலுக்கு வரும்போது பிள்ளை அழகாக இருக்க வேண்டும் என்று செய்கிறார் என நினைத்தேன். விளக்கு வைக்கப்போகும் நேரம். வாசல் தெளிக்க வெளியே வந்தேன். எங்கள் வாசலுக்கு நேர் எதிரே இரண்டு பேர் மண்ணைத் தோண்டி இரும்புக் குழாய்களை நட்டுக்கொண்டிருந்தார்கள்.

என் கையிலிருந்த செம்பு அப்படியே நின்றது. தப்பான தெருவுக்கு வந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

"இங்கன போடக்கூடாது. தீர்மானம் ஆயிருக்கு, தெரியாதா?" என்றேன். அந்நிய ஆண்களிடம் நான் அப்படிச் சத்தமாகப் பேசியது அதுதான் முதல்.

குழாய்க்குள் மருந்து இடித்துக்கொண்டிருந்த ஆள் நிமிர்ந்தார். "வக்கீலய்யாதானம்மா இங்கன போடச் சொன்னாக. நேர்ச்சை வேட்டு. நூத்தியொண்ணு" என்றார்.

அதற்குள் மாமியார் பின்னால் வந்துவிட்டார். "ஏளா, உள்ள வா. நேர்ச்சை வேட்டுக்குத் தடை கிடையாது. ஓட்டு வீட்டு வாசல்லனா போட்டுக்கிடலாம். உனக்குத் தெரியாதா? உன் மாப்பிள்ளைதான அதக் கேட்டு வாங்கியிருக்கான்."

தீர்மானத்தின் மற்றப் பாதி அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஊருக்குள் வேட்டுக் கூடாது, ஆனால் நேர்த்திக்கடனாக, தீப்பிடிக்காத ஓட்டு வீடுகளின் முன்னால் போடுவதற்கு விலக்கு உண்டு. என் வார்த்தைகளைச் சொல்லி முடித்து, சபை அமைதியாகி, கண்ணைத் துடைத்து, கைகொடுத்தபிறகு, அந்த விலக்கைக் கேட்டவர் என் கணவர். கூரைக்கு ஓடு போடலாம். பிள்ளையின் காதுக்கு எதைப் போடுவது?

மாமியார் மீதியையும் சொன்னார். கார்த்திகையில் பிள்ளை நீலம் பாரித்தபோது மகன் ஓடிப்போய் நேர்ந்துகொண்டானாம். பிள்ளை பிழைத்தால், அடுத்த கொடைக்கு அம்மன் நம் வாசலில் நிற்கையில் நூற்றியொரு வேட்டு. பிள்ளையைப் பெற்றவள் கையில் வைத்துக்கொண்டு அம்மனைப் பார்த்து நிற்க வேண்டும், வேட்டு முடிகிறவரைக்கும். அதுதான் முறை. எங்கள் தெருவில் பிள்ளை வரத்துக்கும் பிள்ளை பிழைத்ததற்கும் அப்படித்தான் நேர்வார்கள். எனக்கும் அது தெரிந்த முறைதான். ஆனால் வேட்டுக்கு இழுப்பு வந்த பிள்ளைக்கு வேட்டையே நேர்வார் என்று நான் எங்கே நினைத்தேன்?

அவர் மச்சிலிருந்து இறங்கி வந்தார். புது வேஷ்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார். கூடத்தில் யாருமில்லாத ஒரு கணம் பார்த்துக் கேட்டேன்.

"ஒரு வேட்டுகூடக் கேக்காதுன்னு சொன்னீகளே."

"இது நேர்ச்சை. இதை விட முடியாது. நீ படிச்சவ, உனக்குத் தெரியாததா?"

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ வேண்டாம்பே. கவுன்சில்ல பேச எனக்கு வார்த்தையும் தந்திருக்கமாட்ட."

"டாக்டரம்மா சொன்னது?"

"பைய பேசு. அப்பா வாராக." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சட்டம் ஊருக்கு. நேர்ச்சை வீட்டுக்கு. ரெண்டையும் போட்டுக் குழப்பாத."

அவர் நேர்ந்துகொண்டது எனக்குக் குற்றமாகப் படவில்லை. இப்போதும் படவில்லை. பிள்ளை நீலமாகிக் கிடக்கும்போது நானும் எதை வேண்டுமானாலும் நேர்ந்திருப்பேன். மச்சில் அவர் என் எதிரே உட்கார்ந்து, நம் பிள்ளையைச் சபையில் சொல்லச் சம்மதமா என்று கேட்டபோதே, அவர் மனசில் இந்தக் குழாய்கள் நட்டாகிவிட்டன. என் பயத்தைக் கேட்டு வாங்கினார். அதை நாலு பேர் முன்னால் வைத்துக் கைதட்டலும் வாங்கினார். பயம் மட்டும் திரும்ப என்னிடமே வந்துவிட்டது.

சப்பரம் திரும்பிற்று. மேளச் சத்தம் தெருவில் நுழைந்தது. குளிக்கும்போது நான் சொல்லியிருந்த பெண்களில் ஒருத்தி, இடுப்பில் பிள்ளையோடு எதிர்வீட்டுப் படியில் நின்றாள்.

"என்னம்மா, உங்க வீட்டு வேட்டுக்கு ஆறே உங்க வாசலுக்கு வந்துட்டா?" என்று கேட்டுவிட்டு, பிள்ளையின் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

அம்மன் எங்கள் வாசலில் நின்றாள். பூசாரி தட்டை வாங்கிக்கொண்டார். மாமனார் முன்னால், அவருக்கு இரண்டடி பின்னால் என் கணவர், பக்கத்தில் மதினியும் மாமியாரும். தெருவெல்லாம் ஆள். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன். அவன் தீவட்டியைக் கண்டு கையை ஆட்டினான். வேட்டுக்காரர் கம்பின் நுனியை ஊதிக் கனல வைத்தார்.

ஓடிவிடலாமா என்று நினைத்தேன். ஓடினால் நேர்ச்சை முறியும். முறிந்த நேர்ச்சை பிள்ளையைத்தானே பிடிக்கும்? நின்றாலும் பிள்ளை, ஓடினாலும் பிள்ளை. அந்த இடுக்கில் என்னை நிறுத்தியவர் கைகூப்பிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்.

எங்கள் வீடுகளில் தகப்பன் தன் பிள்ளையைப் பெரியவர்கள் முன்னால் தூக்குவதில்லை. அது மரியாதைக் குறைவு. அறைக்குள் அவர் பிள்ளையைத் தோளில் போட்டுக் கொஞ்சுவார். கூடத்தில் மாமனாரின் செருப்புச் சத்தம் கேட்டால் சட்டென்று என் கையில் தந்துவிடுவார். பிள்ளை பிறந்த நாளிலிருந்து ஊர் பார்க்க அவர் அவனைத் தொட்டதில்லை.

நான் அவர் அருகில் போய், கூப்பியிருந்த அவர் கைகளுக்குள் பிள்ளையை வைத்தேன்.

"நீங்க தூக்கிக்கிடுங்க. நேந்தது நீங்கதான" என்றேன்.

கையை விரித்தால் பிள்ளை விழுவான். அவர் பிடித்துக்கொண்டார். மாமனார் திரும்பிப் பார்த்தார். மாமியார் "ஏட்டி!" என்றார். மதினி மட்டும், "அம்மனுக்கு அப்பன் கை ஆகாதுன்னு எங்கன எழுதியிருக்கு? விடு" என்றார். யாரும் மேற்கொண்டு பேசுவதற்குள் முதல் வேட்டு வெடித்தது.

நான் சத்தத்தைக் கேட்டேனா என்று சொல்லத் தெரியவில்லை. பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் உடம்பு ஒரு துள்ளுத் துள்ளி, இரண்டு கையும் விரிந்து, அப்படியே அவர் மார்புச் சதையைப் பற்றிக்கொண்டது. அவர் கீழே குனிந்து பார்த்தார். பிள்ளை அவர் முகத்தை நேராகப் பார்த்தான். இரண்டாவது வேட்டு வெடித்தது. அவர் முகத்திலிருந்த திருநீற்றுக்குக் கீழே ரத்தமே இல்லை. தன் உள்ளங்கையால் பிள்ளையின் ஒரு காதை அமுக்கி, மறு காதைத் தன் மார்போடு வைத்து அழுத்தினார். மூன்றாவது வேட்டுக்கு அவர் தாங்கவில்லை.

"உள்ள கொண்டு போ" என்று என்னிடம் நீட்டினார். "போ, போ."

நான் பிள்ளையை வாங்கிக்கொண்டு ஓடினேன். வீட்டின் நடுவில் ஜன்னலில்லாத அரங்கறை இருந்தது. நெல்லும் பாத்திரமும் வைக்கிற இருட்டறை. அதற்குள் போய்க் கதவைச் சாத்தி, மூட்டைகளின் நடுவில் உட்கார்ந்து, சேலையால் அவனைச் சுற்றிக்கொண்டேன். அவர் வேட்டை நிறுத்தச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேட்டுக்காரர் அவர் ஆள்.

அவர் சொல்லவில்லை. குழாயில் மருந்து நிரப்புகிற இடைவெளி வரும். அதோடு நின்றுவிட்டது என்று நினைப்பேன். பிறகு மறுபடி ஆரம்பிக்கும். நூற்றியொன்றும் வெடித்தன. பிள்ளைக்கு இழுப்பு வரவில்லை. அழுதான், அழுது களைத்துத் தூங்கினான். வெளியே குலவை கேட்டது.

மாமியார் வந்து கதவைத் திறந்து, "பாத்தியா? ஒண்ணும் ஆகல. அம்மன் காப்பாத்துனா" என்றார். அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஒன்றும் ஆகவில்லை. நானும் அம்மனுக்குக் கைகூப்பினேன். சந்தோஷப்பட வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஒருவேளை எல்லாரும் சரி, நான்தான் பயந்தாங்கொள்ளியா என்று அதன்பிறகு பல நாள் யோசித்தேன். அப்படியே இருந்தாலும் நான் பயந்ததை அவர் நம்பியிருந்தார். நம்பியதால்தான் அதைச் சபைக்குக் கொண்டுபோனார், நம்பியதால்தான் மூன்றாவது வேட்டில் பிள்ளையை என்னிடம் நீட்டினார். நம்பிக்கொண்டேதான் மீதியையும் போடவிட்டார். இதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவரும் பேசவில்லை. தகப்பன் பிள்ளையைத் தூக்கினது மட்டும் தெருவில் கொஞ்சநாள் பேச்சாக இருந்தது. அந்த விலக்கைக் காட்டி அடுத்தடுத்த மாதங்களில் ஓட்டு வீட்டுக்காரர்கள் எல்லாரும் நேர்ச்சை என்று வேட்டுப் போட்டார்கள். ஆற்று மணலில் ஒரு வேட்டும் வெடித்ததாக நான் கேட்கவில்லை. குறுக்குத்துறைக்குக் குளிக்கப் போவதை நான் நிறுத்திவிட்டு, வீட்டுக் கிணற்றிலேயே குளித்தேன்.

மறு வருஷம் கொடைக்குப் பந்தல்கால் நாட்டிய அன்று, பிள்ளையின் துணிகளை ஒரு பெட்டியில் அடுக்கி, பாளையங்கோட்டையில் இருக்கும் என் அப்பா வீட்டுக்குப் போக வில்வண்டிக்குச் சொல்லி அனுப்பினேன். யாரிடமும் கேட்கவில்லை. மாமியாரிடம் மட்டும் கும்பிட்டுச் சொல்லிக்கொண்டேன். பிள்ளை வண்டியில் ஏறி மாட்டின் வாலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் வாசலுக்கு வந்தார்.

"எப்ப வருவ?"

"வேட்டு முடிஞ்ச பொறவு."

"நேர்ச்சை போன வருஷத்தோட தீந்தாச்சு. இந்த வருஷம் நம்ம வாசல்ல வேட்டுக் கிடையாது" என்றார். குரலில் சண்டை இல்லை. கெஞ்சுகிற மாதிரிகூட இருந்தது.

அது உண்மைதான். அந்தக் கொடைக்கு எங்கள் வாசலில் ஒரு குழாயும் நடவில்லை என்று பிறகு மதினி சொன்னார். அன்று வாசலில் நின்ற என் கணவர் முகத்தைப் பார்த்தாலே உண்மை என்று தெரிந்திருக்க வேண்டும். நான் பார்த்தேன். பார்த்தும் எனக்குத் தெரியவில்லை.

வண்டிக்காரரிடம் ஓட்டச் சொன்னேன்.